ஒரு மடலில் இரு மருந்து

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)





மூலிகை ஒன்றைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு மன்றத்தார் என்னைப் பணித்தனர். மூலிகை என்றதும், மலையுச்சியிலே வளர்வதும் அமாவாசை இரவிலே பிடுங்கப்படுவதுமான ஏதோ ஓர் அரிய பொருளைச் சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டதோ உங்கள் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் நிற்கும் கற்றாழை. நான் வைத்தியன் அல்லேன். பல்கலைக்கழகத்திலே விஞ்ஞானம் பயிலும் ஒரு மாணவன். மிஷன் பாடசாலையிலே இச்செடியின் இலத்தீன் பெயரைக் கற்றேன். வீட்டிலே ஆச்சியிடம் அதன் குணத்தைக் கற்றேன். இவ்விரு கல்வியும் எவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன, எவ்விடத்தில் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன என்பதை உங்கள் முன் வைப்பதே என் நோக்கம்.

முதலில் நம்மூர் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நமது முருங்கன் மண் கற்றாழைக்கு உகந்ததன்று. கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் இக்கரிய களிமண் மாரியிலே காலைப் பிடித்து இழுக்கும். கோடையிலே பாளம் பாளமாக வெடிக்கும். நெல்லுக்கு இது நல்ல மண். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் இக்களியையே அங்கே கொண்டு சென்றார்கள். ஆனால், நீர் தேங்கும் களியிலே கற்றாழையின் வேர் அழுகிவிடும். ஆகவேதான் நம் வீடுகளில் அதனை மேடான இடத்திலோ, மணல் நிரப்பிய உடைந்த பானையிலோ வைத்து வளர்க்கிறார்கள். மேற்கே வங்காலைப் பக்கமும், தெற்கே அரிப்பு, சிலாவத்துறைப் பக்கமும், பாலத்தைக் கடந்து பேசாலை, தலைமன்னார்ப் பக்கமும் சென்று பாருங்கள். மணலும் உப்புக்காற்றும் வெயிலும் கூடிய அந்நிலத்திலே ஒருவரும் தண்ணீர் ஊற்றாமலே அது செழித்து நிற்கும்.

இச்செடிக்குப் பெயர்கள் பல. சோறு போன்ற சதை உடைமையால் சோற்றுக் கற்றாழை என்பர். வைத்திய நூல்கள் குமரி என்றும் கன்னி என்றும் கூறும். எக்காலமும் வாடாமல் இளமையோடு நிற்பதால் இப்பெயர் வந்ததென்று பெரியோர் சொல்வர். வடமொழியிலே குமாரி, சிங்களத்திலே கோமாரிக்கா. ஒரே பெயர் மூன்று மொழிகளிலும் வழங்குவதைக் கவனியுங்கள். தாவர நூலார் இதனை அலோ வெரா என்பர். இப்பெயரை 1768 ஆம் ஆண்டிலே தமது நூலில் எழுதியவர் நிக்கொலாஸ் பேர்மன் என்னும் ஒல்லாந்தர். அவருடைய தந்தையாரான யொஹான்னஸ் பேர்மன் இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1737 ஆம் ஆண்டிலே அம்ஸ்ரடாமில் ஒரு பெரிய நூலை வெளியிட்டவர்.

இவ்வளவு உரிமையோடு நாம் பெயரிட்டு அழைக்கும் இச்செடி இந்த மண்ணிலே தோன்றியதன்று. கற்றாழை இனத்திலே 500 இற்கு மேற்பட்ட வகைகள் உள. அவற்றின் உறவுமுறையை ஆராய்ந்து 2015 ஆம் ஆண்டிலே வெளியான ஓர் ஆய்வு, நமது சோற்றுக் கற்றாழையின் தாயகம் அராபியத் தீபகற்பம் என்று காட்டியது. அங்கிருந்து வணிக வழிகளிலே அது உலகெங்கும் பரவியது. மன்னார்க் கரைக்கு இது வியப்பான செய்தியன்று. பள்ளிமுனையிலே நிற்கும் பெருக்கமரத்தைப் பாராதவர் இச்சபையில் இருக்கமாட்டார்கள். ஆபிரிக்காவுக்குரிய அம்மரத்தை இங்கே கொண்டுவந்தோர் அராபிய வணிகர் என்பர். மாந்தைத் துறையிலே மரக்கலங்கள் வந்து நின்ற காலத்திலே பொன்னும் குதிரையும் மாத்திரமா இறங்கியிருக்கும்? செடியும் கொடியும் மருந்தும் மருந்தறிவும் கூடவே இறங்கியிருக்கும். வந்த விருந்தினரை நாம் வீட்டாராக்கிக் கொண்டோம்.

அது பரவும் விதமும் அறியத்தக்கது. மஞ்சள் நிறப் பூங்கொத்து நீண்ட தண்டிலே எழும். ஆனால் நல்ல விதை பிடிப்பது அரிது. தாய்ச்செடியின் அடியிலே கிளைக்கும் கன்றுகளாலேயே அது பெருகுகிறது. ஆகையால் உங்கள் முற்றத்துச் செடி யாரோ ஒருவர் வீட்டுச் செடியின் கன்று. அது இன்னொருவர் வீட்டுச் செடியின் கன்று. இந்து வீட்டிலிருந்து கத்தோலிக்க வீட்டிற்கும், அங்கிருந்து இஸ்லாமிய வீட்டிற்கும், "இதைக் கொண்டுபோய் வை மகள், பிள்ளைகுட்டி இருக்கிற வீட்டிலே நிக்க வேணும்" என்று ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறிய செடி இது. செடி மாறியபோதெல்லாம் அதனைப் பயன்படுத்தும் முறையும் வாய்மொழியாகக் கூடவே மாறியது. இவ்விடயத்தை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

கண்ணூறு படாதிருக்கக் கற்றாழையை வாசலிலே தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. மண்ணுமின்றி நீருமின்றி மாதக்கணக்காக அது பசுமை குன்றாமல் இருப்பதைக் கண்டு வியக்கிறோம். இதன் காரணத்தை விஞ்ஞானம் விளக்குகிறது. பெரும்பாலான செடிகள் பகலிலே இலைத்துளைகளைத் திறந்து காற்றை உட்கொள்ளும். அப்போது அவற்றின் நீர் ஆவியாகிப் போகும். கற்றாழையோ பகலிலே துளைகளை அடைத்துக்கொள்ளும். இரவின் குளிர்ச்சியிலே அவற்றைத் திறந்து, உட்கொண்ட கரிவாயுவை ஒரு புளிப்பு அமிலமாக்கிச் சேமித்து, மறுநாள் வெயிலிலே அதைக்கொண்டு உணவு ஆக்கும். பஞ்சம் முற்றினால் இரவிலும் கதவைத் திறவாமல், உள்ளதைக்கொண்டே உயிர் தாங்கும். கோடையிலே நீருக்கு ஏங்கும் இக்கரையின் வாழ்வுக்கு இதைவிடப் பொருத்தமான செடி வேறில்லை.

சதைப்பற்றுள்ள இலைகளின் இவ்வியல்பை முதலிலே எழுத்தில் தெரிவித்தோருள் ஒருவர் தென்னிந்தியாவில் வாழ்ந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. தரங்கம்பாடிக்கு மொறேவிய மிஷனைச் சேர்ந்தவராக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் தாவர நூலாராகப் பணிபுரிந்த பெஞ்சமின் ஹெய்ன் என்பவர், ரணகள்ளி இலையை வாயிலிட்டுச் சுவைத்துப் பார்த்தார். காலையிலே புளித்தது, நண்பகலிலே சுவையற்றிருந்தது, மாலையிலே சிறிது கைத்தது. இதனை 1813 ஆம் ஆண்டிலே கடிதமாக எழுதினார். மூலிகையைப் பறிக்கும் வேளைக்கும் அதன் குணத்துக்கும் தொடர்பு உண்டென்று நம் வைத்தியர் சொல்வதை நகைப்போர் இக்கடிதத்தை நினைத்துக்கொள்க.

இனி மருத்துவத்துக்கு வருவோம். கற்றாழை மடல் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியே தடித்த பச்சைத் தோல். தோலை ஒட்டியவாறு ஊறிவரும் மஞ்சட் பால். நடுவிலே கண்ணாடி போன்ற சோறு. இந்தப் பாலும் அந்தச் சோறும் ஒரு மடலுக்குள்ளேயே இருந்தாலும் ஒன்றுக்கொன்று மாறான இரு மருந்துகள். பால் மிகக் கைப்பானது. குடலைத் தூண்டிப் பேதியாக்கும். சோறு 100 இற்கு 98 பங்குக்கு மேல் நீர், குளிர்ச்சி தரும், எரிவை ஆற்றும். கற்றாழையைப் பற்றிப் பேசுவோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகின்றனர். நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுவே: கற்றாழையை அறிதல் என்பது இவ்விரண்டையும் பிரிக்க அறிதல்.

மஞ்சட் பாலை வடித்தெடுத்து வற்றச் செய்தால் கறுத்த கட்டியாகும். அதுவே மூசாம்பரம், கரியபோளம் என்பதும் அதுவே. தமிழ் வேதாகமத்திலே, இயேசுவின் உடலை அடக்கம் செய்ய நிக்கொதேமு கொண்டுவந்த பொருளைக் கூறுமிடத்தில், இந்தக் கரியபோளம் என்னும் சொல்லைக் காணலாம். மிஷன் பாடசாலையில் அச்சொல்லை நாம் வாசித்தபோது, அது எங்கோ தூர தேசத்து வாசனைப் பொருள் என்றே எண்ணினோம். நாட்டு மருந்துக் கடையிலே மூசாம்பரம் என்று கேட்டு வாங்கும் பொருளுக்கும் அதுவே பெயர் என்பதை அன்று எவரும் சொல்லித் தரவில்லை. இப்பாலிலுள்ள கைப்புச் சத்தை எடின்பரோவைச் சேர்ந்த இரசாயன வல்லுநர் 1851 ஆம் ஆண்டிலே பிரித்தெடுத்து அலோயின் என்று பெயரிட்டனர்.

மூசாம்பரத்தைச் சித்த வைத்தியர் மலச்சிக்கலுக்கும் சூதகத் தடைக்கும் அளவறிந்து கொடுப்பர். சுளுக்கிலும் அடிபட்ட வீக்கத்திலும் அதனைக் குழைத்துப் பற்றுப் போடுவர். பால்குடி மறக்கவேண்டிய குழந்தைக்காகத் தாயின் மார்பிலே கற்றாழைக் கைப்பைத் தடவுவதும் பழைய வழக்கம். ஆயின், கருவுற்ற பெண்ணுக்கு இதனை உள்ளே கொடுக்கலாகாது என்பதும் அதே வைத்தியரின் கட்டளை. சூதகத்தைத் தூண்டும் மருந்து கருவுக்குப் பகை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்றைய மருத்துவரும் கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இதனை விலக்குகின்றனர். நீடித்த பேதியினால் உடலிலுள்ள பொற்றாசியம் குறையும் என்பதால், இருதய நோய்க்கும் நீர் இறக்கத்துக்கும் குளிசை உண்போரையும் எச்சரிக்கின்றனர்.

சோற்றின் பயனோ வீட்டு வைத்தியத்துக்கு உரியது. நன்றாகக் கழுவிய சோற்றைப் பனங்கற்கண்டுடனோ மோருடனோ சேர்த்து உண்பது உட்சூட்டுக்கும் நீர்க்கடுப்புக்கும் கைகண்ட முறை. தேங்காயெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ இட்டுக் காய்ச்சித் தலைக்கு வைத்தால் குளிர்ச்சி உண்டாகும். வெயிலிலே வயலில் நின்றவர் முகத்திலும், அடுப்படியிலே சுட்டுக்கொண்டவர் கையிலும் சோற்றைத் தடவுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். வைத்தியர் வீடுகளிலே குமரி இலேகியம், குமரி எண்ணெய் என்பன இதிலிருந்து செய்யப்படும். ஆயுர்வேத வைத்தியசாலைகளிலே கொடுக்கும் குமாரியாசவமும் இதன் வழியே வந்தது.

இவற்றுள் எவை சோதனையிலே நின்றன என்று கேட்பது இளைஞருக்கு இயல்பு. அக்கேள்வியைத் தவறென்று பெரியோர் கொள்ளலாகாது. எக்ஸ் கதிரினால் புண்பட்ட தோலுக்குக் கற்றாழை பயன்பட்டதென்று அமெரிக்க மருத்துவர் இருவர் 1935 ஆம் ஆண்டிலே எழுதினர். அதன் பின்னரே மேல்நாட்டார் இதனை ஊன்றி நோக்கத் தொடங்கினர். 2007 ஆம் ஆண்டிலே தாய்லாந்து அறிஞர் 371 நோயாளரைக் கொண்ட நான்கு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, தீப்புண் ஆறும் காலம் கற்றாழையினால் ஏறக்குறைய 9 நாள் குறைந்ததென்று கண்டனர். ஆச்சியின் கைவைத்தியத்துக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரம் என்று இதனைச் சொல்லலாம்.

ஆனால் சாட்சி ஒரு பக்கம் மாத்திரம் பேசவில்லை. வயிற்றிலே சத்திரசிகிச்சை செய்த பின் புண் பிரிந்துபோன பெண்கள் சிலருக்குக் கற்றாழைக் களிம்பு இட்டு 1991 ஆம் ஆண்டிலே ஆராய்ந்தனர். வழக்கமான முறையிலே சராசரி 53 நாளில் ஆறிய புண், கற்றாழை இட்டபோது 83 நாள் எடுத்தது. மேற்றோல் எரிவுக்கு நல்லதாயிருப்பது ஆழ்ந்த புண்ணுக்கும் நல்லதாகும் என்று கொள்ளலாகாது என்பதையே இது காட்டுகிறது. ஆகையால் சிறு தீப்புண்ணாயின், முதலில் ஓடும் தண்ணீரிலே 20 நிமிடம் குளிரப் பிடித்துப் பின்னர் சோற்றைத் தடவுக. தோல் உரிந்த பெரும் புண்ணாயின் கற்றாழையைத் தேடி நேரம் போக்காமல் வைத்தியசாலைக்குச் செல்க. நீரிழிவுக்கும் அது நல்லதென்று சொல்லிக் குளிசையை நிறுத்திவிட்டுக் கற்றாழையையே நம்புவோர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

இனிக் கழுவும் முறைக்கு வருகிறேன். நம் மூதாட்டியர் மடலை அறுத்தவுடன் அதனைச் சரித்து நிறுத்தி வைப்பார்கள். மஞ்சட் பால் முழுவதும் வடியவேண்டும். பிறகு முட்களையும் தோலையும் சீவி, சோற்றைத் துண்டாக்கி, தண்ணீர் மாற்றி மாற்றி ஏழுமுறை கழுவுவார்கள். வழுவழுப்பு நீங்கிக் கைப்பு அறும்வரை கழுவவேண்டும் என்பது விதி. சிறுவயதிலே இதனைப் பார்த்து, "ஏன் ஆச்சி ஏழு தரம்? மூன்று தரம் போதாதோ?" என்று கேட்டதுண்டு. "நாக்கிலே வைச்சுப் பார். கைக்குதெண்டால் இன்னும் கழுவு" என்பதே விடை. ஏழு என்பது எண்ணிக்கை. நாக்கு என்பது அளவுகோல்.

அண்மையிலே எங்கள் உறவினருள் ஓர் இளம்பெண், உடல் மெலியும் என்று கைத்தொலைபேசியிலே யாரோ சொல்லக் கேட்டு, மடலைத் தோலோடு அரைத்து வெறும் வயிற்றிலே குடித்தாள். இரண்டு நாள் வயிற்றுப் போக்கினால் துவண்டு, சேலைன் ஏற்றும் நிலைக்கு வந்தாள். அவள் கற்றாழையைக் குறை சொன்னாள். செய்தி கேட்ட ஆச்சியோ, "செடி என்ன செய்யும்? பால் வடிக்காமல் ஆர் குடிக்கச் சொன்னது?" என்றார். குடித்தவள் படித்த பெண். அவள் கேட்டறிந்ததோ பாதிச் செய்தி.

இப்பாதிச் செய்தியின் ஆபத்தை ஆய்வாளரும் காட்டியுள்ளனர். பால் நீக்காத முழு மடலின் சாற்றை இரண்டு ஆண்டு தண்ணீரோடு கொடுத்துவந்த எலிகளுக்குப் பெருங்குடலிலே கட்டிகள் தோன்றின என்று அமெரிக்க அரசின் நச்சியல் ஆய்வுத் திட்டம் 2013 ஆம் ஆண்டிலே அறிவித்தது. அதனையொட்டி, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு முழு மடற் சாற்றை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என ஐயுறும் பொருள்களின் வரிசையிலே வைத்தது. அதற்கும் முன்னரே, 2002 ஆம் ஆண்டிலே, மூசாம்பரத்தைப் பேதி மருந்தாகக் கடைகளிலே விற்பதை அமெரிக்கா நிறுத்தியிருந்தது. இன்று கற்றாழைப் பானம் செய்யும் தொழிற்சாலையார் சாற்றைக் கரியினூடாக வடித்துப் பாலை நீக்குகின்றனர். பத்து இலட்சம் பங்கிலே 10 பங்குக்கு மேல் அலோயின் இருத்தலாகாது என்று அத்தொழிலாரின் சர்வதேசச் சங்கம் அளவு வகுத்துள்ளது. கரியினால் வடிப்பதும் ஏழுமுறை கழுவுவதும் நோக்கத்தில் ஒன்றே. பேரியந்திரம் செய்ய முனைவதை நம் கிணற்றடியிலே ஒரு வாளித் தண்ணீரோடு செய்தவர்கள் அறிவிலிகள் அல்லர்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே மருத்துவத்தை நான்கு கூறாக்கினார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து ஆக்கிக் கொடுப்பவன். முதல் மூன்றையும் எவரும் எண்ணுவர். நான்காமவரையும் ஒரு கூறாக வைத்தது அவர் நுண்ணறிவு. கற்றாழையைப் பொறுத்தவரை நோயாளர் உளர், வைத்தியர் உளர், செடி வேலியோரத்திலே நிற்கிறது. மடலைச் சரித்து வைத்துப் பாலை வடித்துக் கழுவி நாக்கிலே வைத்துப் பார்த்துக் கொடுத்த அந்த நான்காமவர்தாம் நம் கண்முன்னே மறைந்து வருகின்றார்.

மறைந்த வரலாற்றையும் சொல்லவேண்டும். 1990 ஆம் ஆண்டிலும், பின்னர் 2007, 2008 ஆம் ஆண்டுகளிலும் இம்மாவட்டத்தின் ஊர்கள் பல வெறிச்சோடின. மக்கள் கடல் கடந்தும் காடு கடந்தும் முகாம்களிலே வாழ்ந்தனர். ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்களிலே பலர் கூரையைக் காணவில்லை; கதவைக் காணவில்லை; முற்றத்து மூலையிலே கற்றாழையை மட்டும் பற்றையாகக் கண்டனர். செடி காத்திருந்தது. ஆனால் அதனைக் கழுவிக் கொடுத்த கைகள் பல திரும்பவில்லை. பரம்பரை வைத்தியர் வீடுகளிலிருந்த ஏடுகளும் கையெழுத்துப் புத்தகங்களும் அந்த ஓட்டத்திலே அழிந்தன. யாழ்ப்பாண அரசர் காலத்துப் பரராசசேகரம் போன்ற வைத்திய நூல்கள் அச்சேறியமையால் தப்பின. எங்கள் ஊர் வைத்தியர் மகனுக்கு மாத்திரம் சொன்னதும், எங்கள் ஆச்சிமார் மருமகளுக்கு மாத்திரம் சொன்னதும் எந்த அச்சிலும் ஏறவில்லை.

இவ்விடத்திலே பெரியோருக்கு ஒரு விண்ணப்பம். மருந்தின் இரகசியத்தைச் சொன்னால் அதன் பலன் போய்விடும் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. தகாதவர் கையிலே மருந்து சேரலாகாது என்ற நல்ல நோக்கத்திலே பிறந்த எண்ணம் அது. இன்றோ சொல்லாமல் விடுவதனாலேயே தகாதவர் கையிலே சேர்கிறது. நீங்கள் வாய் மூடியிருக்கும் வேளையிலே, அரைகுறையாக அறிந்தவர் உலகம் முழுவதற்கும் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இளைஞருக்கும் ஒன்று சொல்வேன். நாட்டு வைத்தியம் என்றாலே மூடநம்பிக்கை என்று தள்ளுவதும், நம்முடையது என்பதற்காகவே எல்லாம் சரி என்று கொள்ளுவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். மானிப்பாயிலே பணிபுரிந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பிக்கத் தாமே தமிழ் கற்று நூல்களை ஆக்கினார். அந்நியர் ஒருவர் தம் அறிவை நம் மொழியிலே தர அத்துணைப் பாடுபட்டார் எனில், நம் மொழியிலே உள்ள அறிவை நாம் விஞ்ஞானத்தின் முன் வைக்க எத்துணைப் பாடுபடலாம்! 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த வைத்தியத்துக்கும் இந்நாட்டிலே இடம் தந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே 1984 ஆம் ஆண்டு முதல் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. வழி திறந்தே இருக்கிறது, நடப்போரே வேண்டும்.

செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, நம் மன்றத்திலே ஒரு கையேடு தொடங்குவோம். ஒவ்வோர் அங்கத்தவரும் தம் வீட்டிலோ அயலிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் சென்று, கற்றாழையை எந்நோய்க்கு, எவ்வளவு, எப்படி ஆக்கிக் கொடுத்தார் என்பதையும், யாருக்குக் கொடுக்கமாட்டார் என்பதையும் அவர் சொன்னவாறே எழுதி வருக. பின்னையது முன்னையதிலும் முக்கியம். எழுதியதைச் சித்த வைத்தியர் ஒருவரும் ஆங்கில வைத்தியர் ஒருவரும் பார்வையிட்ட பின்னரே பிறருக்குக் கொடுப்போம்.

இரண்டாவது, செடியை அடையாளம் காணப் பழகுவோம். ஆனைக்கற்றாழை என்று ஒன்று உண்டு. நீண்ட மடலும் நுனியிலே கூரிய முள்ளும் உடையது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறோர் இனம். அதன் சாறு பட்டால் தோல் தடித்து எரியும். பெயரிலே கற்றாழை இருப்பதால் அதனைத் தீப்புண்ணிலே தடவி அல்லற்படுவோர் உண்டாகக் கூடாது. சோற்றுக் கற்றாழைக்கு விளிம்பிலே சிறு முட்கள். மடல் தடித்துச் சாறு நிறைந்திருக்கும். வெட்டினால் மஞ்சட் பால் கசியும்.

மூன்றாவது, பறிக்கும் முறை. அடியிலுள்ள முதிர்ந்த மடலை மாத்திரம் அறுத்து, நடுக் குருத்தை விட்டுவிட்டால் செடி பல ஆண்டு பயன் தரும். விலை கிடைக்கிறது என்று கேள்விப்பட்டதும் கரையோரப் பற்றைகளை வேரோடு பிடுங்கிச் சாக்கிலே கட்டிக்கொண்டு போவோரும் உளர். விதையினாலே எளிதிற் பெருகாத செடி, வேரோடு போனால் அவ்விடத்திலே மீண்டும் வருவது அரிது. விற்கவேண்டுமாயின் நட்டு வளர்த்து விற்போம். நமது களிமண்ணிலும் பாத்தியை உயர்த்தி மணல் கலந்தால் வளர்க்கலாம்.

நான்காவது, இன்று வீடு திரும்புமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கற்றாழை இல்லாத அயலவர் ஒருவருக்கு ஒரு கன்று கொடுங்கள். கொடுக்கும்போது கையிலே செடியை மாத்திரம் வைத்துவிட்டு வராதீர்கள். பாலை வடிக்க வேண்டும், கைப்பு அறக் கழுவ வேண்டும், பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கக் கூடாது என்ற மூன்றையும் கூடவே சொல்லிக் கொடுங்கள். அச்சொற்கள் இல்லாத செடி பாதி மருந்து. பாதி மருந்து சில வேளைகளிலே முழு நஞ்சு.

அராபியக் கரையிலிருந்து வந்த ஒரு செடியை நம் முன்னோர் ஆராய்ந்து, அதன் மடலுக்குள்ளே நன்மையையும் தீமையையும் வேறுபிரித்து, இரண்டையும் இடமறிந்து பயன்படுத்தினர். நம் காலத்திலே அப்பிரிவறிவு அழிந்தது என்ற பழி நம்மேல் வரலாகாது.